வெயிலண்ணன் கூரைக்குள் வந்தார்

உலகத்தில் முதன்முதலாகக் கூரை போட்டவன் எவனோ, அவனைப் பிடித்துக்கொண்டு வந்து எங்கள் வெயிலண்ணன் கையில் கொடுத்திருந்தால், முதலில் அவனை வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பார். ஏசி முடித்ததும், "சரி, வந்தது வந்துட்டீங்க, வெளிய வாங்க தம்பி, இப்பிடி கெழக்க பாத்து நில்லுங்க" என்று ஒரு படமும் எடுத்து அனுப்பியிருப்பார். கூரைமேல் அவருக்கு அவ்வளவு கோபம். மனிதர்மேல் கோபம் கிடையாது.

வெயிலண்ணன் போட்டோக்காரர். பதுளை பசாருக்குப் பின்னால் போகிற குறுக்குத் தெருவில், என் தையல் கடைக்கு அடுத்த கடை அவருடைய ஸ்டூடியோ. அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். கோயிலில் ஃபாதர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார் என்று அவரே பின்னால் திரும்பிப் பார்ப்பார். ஸ்டூடியோ என்றதும் உள்ளே வைத்துப் படம் எடுப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே கெமரா தூங்கும், மத்தியானத்தில் அவரும் தூங்குவார், அவ்வளவுதான். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருகிறவர்களைக் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்து, சுவரில் ஒரு வெள்ளைத் துணியை மாட்டி, முன்னால் நிறுத்துவார்.

"அண்ணே, லொறி வருதுண்ணே!"

"லொறி வரும், போகும். நீங்க அசையாதீங்க."

அந்தச் சுவர் வேறு எதுவுமில்லை, என் கடை வாசலை ஒட்டிய சுவர். ப்ளவுஸ் தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் உள்ளே வர வழியில்லாமல் குடையோடு நிற்பார்கள். நான் கத்தரிக்கோலும் கையுமாக வெளியே வந்து, "ஏன்ணே, என் யாவாரம் நடக்க வேணாமா? ஒங்க கடை வாசல்ல நிறுத்துங்களேன்!" என்று கத்துவேன்.

"நா என்ன செய்ய தங்கச்சி? பத்து மணி வெயிலு ஒன் வாசல்லதான் விழுது. சண்டைன்னா சூரியன்கிட்ட போய்ப் போடு."

இப்படியே எத்தனையோ காலம் நானும் அவரும் தினமும் சண்டை போட்டோம். சண்டை முடிந்ததும் தேத்தண்ணிக் கடையிலிருந்து இரண்டு பிளேன்டி வரும். காசை அவர்தான் கொடுப்பார்.

தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்த கல்யாணத்தைப் பற்றி அங்குள்ளவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். தொழிலாளர் குடியிருக்கிற லயத்து வாசலில் பந்தல். ஐயர் மந்திரம் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டான். "நிறுத்துங்க!" என்று ஒரு சத்தம். மாப்பிள்ளைக்கு வேறு எங்கோ ஒரு தொடர்பு இருந்து, அந்தப் பெண்தான் வந்துவிட்டாளோ என்று பெண் வீட்டார் நடுங்கிப் போனார்கள். வந்தது வெயிலண்ணன். "பந்தல் நெழல்ல மாப்பிள்ளைக்குப் பாதி மூஞ்சிதான் இருக்கு. எல்லாத்தையும் தூக்கி கொய்யா மரத்துக்கு அந்தாண்ட வைங்க" என்றார். மணவறை நகர்ந்தது. அக்கினிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஐயரும் நகர்ந்தார். எல்லாம் சரியாக வைத்து முடிந்ததும் மேகம் மூடிக்கொண்டது. பெண்ணின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"யோவ், முகூர்த்தம் போகுதுய்யா!"

"முகூர்த்தம் போனா ஐயரு இன்னொன்னு பாத்துக் குடுப்பாரு. வெயிலு போனா யாருங்க குடுப்பா?"

மேகம் விலகுகிறவரைக்கும் தாலியைப் பிடித்தபடி நின்ற மாப்பிள்ளைக்குக் கை மரத்துப்போய், அவன் போடவேண்டிய முடிச்சையும் நாத்தனாரும் அவள் தங்கச்சியும் சேர்ந்து போட்டார்கள். ஆனால் படம் இருக்கிறதே, அதைப் பார்க்க வேண்டும். கல்யாணப் பெண்ணின் முகத்தில் இருந்த வெட்கமும் பயமும் சந்தோஷமும் அப்படியே விழுந்திருந்தன. ஏசின தாய்மாமனே தன் வீட்டுக்கும் ஒரு பிரதி கேட்டு வாங்கிப் போனார்.

சாவு வீட்டிலும் அவருடைய சட்டம் அதேதான். லுணுகலைத் தோட்டமொன்றில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். தூக்குவதற்கு முன்னால் பெட்டியை வாசலில் வைத்து, சொந்தக்காரர்கள் சுற்றி நின்று கடைசிப் படம் எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெயிலண்ணன் வந்தார், வானத்தைப் பார்த்தார், "பெரியவர கொஞ்சம் கெழக்க திருப்புங்க" என்றார். நாலு பேர் பெட்டியைத் திருப்பினார்கள். கெமராவில் கண்ணை வைத்தவர், மறுபடி எடுத்தார். "யாராச்சும் ஒரு கொடைய புடிங்கப்பா. பெரியவருக்குக் கண்ணு கூசுது."  காலையிலிருந்து அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்த பெரியவரின் பெண்சாதிதான் முதலில் சிரித்தாள். "ஆமாங்க, உசிரோட இருக்கையிலயும் அவருக்கு வெயிலு ஆகாதுங்க" என்று சொல்லிக்கொண்டே தன் கையாலேயே குடையைப் பிடித்தாள்.

பிளாஷ் என்ற பேச்சை எடுத்தாலே அவருக்குப் பிடிக்காது. "அது மின்னலு தங்கச்சி. மின்னல்ல எவனாச்சும் அழகா இருந்து பாத்திருக்கியா?" என்பார். துபாயில் இருந்த அக்கா மகன் ஆசையாக வாங்கி அனுப்பிய பிளாஷ் ஒன்று, பெட்டி பிரிக்காமல் அலுமாரியில் கிடந்தது.

ஆனால் ஊர் அவருக்காகக் காத்துக்கொண்டிருக்குமா? கல்யாணம், சடங்கு, பிறந்தநாள் என்று எல்லாமே ஒவ்வொன்றாக மண்டபம், ஹோல் என்று கூரைக்குள் போய்விட்டன. எல்ல ஊர்ப் பக்கம் புதிது புதிதாக ஹோட்டல்கள், பதுளையிலும் ஏசி ஹோல்கள். பதுளை மழைக்குப் பயந்து பந்தல் போடுகிற தொல்லையே இல்லை. ஓடர் கொடுக்க வருகிறவர்களிடம் இவர், "வாசல் வரைக்கும் வாறேன்" என்பார். வாசல் வரைக்கும் மட்டும் வருகிற போட்டோக்காரரை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? ஓடர்கள் நின்றன. அவர் என் வாசலில் நிறுத்துகிற ஆட்களும் குறைந்து, சண்டை போடக் காரணம் இல்லாமல் எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

அவர் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். மதினிக்குக் கொழும்பில் ஒரு அண்ணன், ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். ஆணியும் திருகாணியும் நிறுத்துக் கொடுக்க நம்பிக்கையான ஆள் இல்லை, மச்சானை அனுப்பி வை என்று விடாமல் போன் எடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மதினி ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டாள். என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொன்னாள்:

"இந்தா பாருங்க. எனக்கு மட்டும் ஊர விட்டுப் போக ஆசையா? ஹோலுக்குள்ள ஒரு வேல, ஒன்னே ஒன்னு, ஒழுங்கா செஞ்சு காட்டுங்க. அண்ணனுக்கு வரலன்னு நானே சொல்லிர்றேன். ஏலலன்னா பெட்டியக் கட்டுவோம். கொழும்புல கடைக்குள்ள நின்னுகிட்டு எந்த வெயில வேணும்னாலும் நெனச்சுக்குங்க."

அவர் வழக்கம்போல வானத்தை அண்ணாந்து பார்த்தார். அன்றைக்குப் பார்த்து ஒரே மூட்டம்.

சொல்லி வைத்த மாதிரி அடுத்த கிழமை ஷாமினி மிஸ் வந்தாள். தோட்டக் கம்பனி ஒன்றில் வேலை பார்க்கிற பிள்ளை. கழுத்தில் அட்டை, கையில் இரண்டு போன், இரண்டிலும் ஒரே நேரத்தில் பேச்சு. கம்பனியின் தோட்டங்களில் நன்றாக வேலை செய்த தொழிலாளிகளுக்கும் ஸ்டாஃபுக்கும் விருது கொடுக்கிற விழா, பதுளையில் ஒரு ஹோட்டல் ஹோலில். வழக்கமாகக் கொழும்பிலிருந்து வருகிற போட்டோக்காரருக்கு வர முடியவில்லையாம்.

"அண்ணே, நீங்க ஹோலுக்குள்ள எடுப்பீங்கதானே?"

நான் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"எடுப்பேன் மிஸ்."

"முந்தி எடுத்திருக்கீங்களா?"

"எடுக்கப்போறேன் மிஸ்."

நல்லவேளை, அந்த நேரத்தில் மற்ற போன் அடித்தது. போனுக்கும் போனுக்கும் நடுவில் அவள் தன் சட்டங்களைச் சொன்னாள். சேர்மன் கைகொடுத்து விருதைக் கொடுக்கிற நேரத்தில் படம் விழவேண்டும். இன்னொரு தடவை நில்லுங்கள் என்று சொல்ல ஏலாது. யாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போகவே கூடாது. "அதோட அண்ணே, சேர்மன் லேசுல சிரிக்கிற ஆள் இல்ல. போன வருசம் ஒரே ஒரு படத்துல சிரிச்ச மாதிரி இருந்துச்சு. பெருசாக்கிப் பாத்தா கொட்டாவி. இந்த வேல சரியா வந்துச்சுன்னா இனி நம்ம பங்ஷன் எல்லாம் உங்களுக்குத்தான்."

அவள் போனதும் வெயிலண்ணன் ஹோலைப் பார்க்கப் போனார். திரும்பி வரும்போது முகத்தில் ஈயாடவில்லை.

"தங்கச்சி, அது ஹோல் இல்ல. கொகை."

கூரை முழுக்கக் கறுத்த பலகை. திரையெல்லாம் கடும் சிவப்பு. ஜன்னல் என்று பேருக்குக்கூட ஒன்றில்லை. 

"அப்ப ஏலாதுன்னு சொல்லிருங்கண்ணே. பேர் கெட்டுப்போறதுக்கு..."

"யாரு சொன்னா ஏலாதுன்னு? கொகைக்குள்ள மனுசன் புள்ள குட்டி பெத்துக் குடும்பமே நடத்தியிருக்கான். நா படம் எடுக்க மாட்டனா?"

அன்றைக்குப் பிடித்த வைராக்கியம். பிளாஷ் பெட்டியைப் பிரித்தார். இருட்டில் கண் பழக வேண்டும் என்று ஸ்டூடியோ கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நடந்தார். மேசையில் முழங்கால் இடிக்கிற சத்தமும், "அம்மாடி!" என்கிற சத்தமும் மாறி மாறி என் கடைக்குக் கேட்கும். வீட்டில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த மதினியைப் பின்னால் வந்து பிளாஷ் அடித்ததில், அவள் ரொட்டியைத் தூக்கி அவர் மேலேயே எறிந்தாள். அந்தப் படத்தில் ரொட்டி மட்டும் நன்றாக விழுந்திருந்தது.

பிறகு என் கடைப் பொம்மையைக் கேட்டு வாங்கிப் போனார். ப்ளவுஸ் மாட்டி வைக்கிற பொம்மைக்குத் தலை கிடையாது. அதன் கழுத்தில் ஒரு தேங்காயைச் சொருகி, கரியால் கண்ணும் வாயும் வரைந்து, சாரி கட்டி, கையில்லாத குறைக்கு ஒரு அகப்பையைக் கட்டிவிட்டு, "வாங்க அக்கா, விருத வாங்குங்க, இங்க பாருங்க" என்று ஸ்டூடியோவுக்குள் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார். ப்ளவுஸ் அளவு கொடுக்க வந்த ஒரு டீச்சர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்துவிட்டாள். அளவு கொடுக்காமலேயே போய்விட்டாள். அதற்கும் நானும் அவரும் ஒரு சண்டை போட்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில். எங்கள் கோயிலுக்குள் பகலிலும் இருட்டுத்தான். பூசை நடக்கும்போது கெமராவோடு தூணுக்குத் தூண் ஒளிந்து ஒளிந்து போய், நன்மை அப்பம் வாங்க வரிசையில் வருகிறவர்களைச் சேர்மனிடம் விருது வாங்குகிறவர்களாக நினைத்துக்கொண்டு பளிச் பளிச்சென்று அடித்தார். வாயைத் திறந்த நிலையில் பாதி ஊரே அந்தக் கெமராவில் இருந்தது. பூசை முடிந்ததும் ஃபாதர் வாசலில் பிடித்துக்கொண்டார்.

"ஏன்ப்பா, இந்த வீட்டுக்கு வெளிச்சம் குடுக்க ஒருத்தரு இருக்காரு. நீ வேறயா?"

வெயிலண்ணன் விஷயத்தைச் சொன்னார். ஹோல் வேலை, கொழும்பு, திருகாணி, எல்லாவற்றையும் சொன்னார். ஃபாதர் மிஷன் மண்டபத்துச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அங்கேதான் எங்கள் ஒத்திகை. தெருவே வந்துவிட்டது. ரொட்டிக் கடை முதலாளி ஹனீபா காக்காதான் சேர்மன். லொத்தர் சீட்டு விற்கிறவரும் நானும் விருது வாங்குகிறவர்கள். விருதுக்குப் பதிலாகத் தேயிலைத்தூள் பைக்கட். ஹனீபா காக்காவுக்குக் கோட்டு ஒன்றைப் போட்டுவிட்டதும் ஆளே மாறிவிட்டார். பைக்கட்டைக் கொடுப்பதற்கு முன்னால், "இந்தக் கம்பனிய ஒசத்த நான் பட்ட பாடு இருக்கே..." என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பேச்சுப் பேசினார். படங்களைப் பார்த்தால் எல்லார் முகத்திலும் கோதுமை மாவு அப்பின மாதிரி வெள்ளை, பின்னால் கன்னங்கரேலென்று நிழல். வெயிலண்ணனுக்குத் தாங்கவில்லை. எடுத்த கையோடு பிளாஷின் தலையை ஆத்திரத்தில் மேலே திருகிவிட்டார். திருகின வேகத்தில் விரல் பட்டு ஒரு படம் விழுந்தது.

அந்தப் படத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றார். மிஷன் மண்டபத்துக் கூரை வெள்ளை. பிளாஷ் வெளிச்சம் மேலே போய்ப் பட்டு, மெதுவாகக் கீழே இறங்கி, ஹனீபா காக்கா முகத்தில் பத்து மணி வெயிலாக விழுந்திருந்தது.

"தங்கச்சி! கூரையில வெயிலு இருக்கு! கூரைக்குள்ளயே இருக்குடி தங்கச்சி!"

அவர் அழுதார். ஹனீபா காக்கா கோட்டோடு அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

சந்தோஷம் என் கடை வாசலுக்கு வந்து சேருகிறவரைக்கும்தான் நீடித்தது. ஹோட்டலில் கூரை கறுத்த பலகையாயிற்றே. இரண்டு பேரும் பிளேன்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தோம். அவர் பார்வை மெதுவாக என் கடை அலுமாரிக்குள் போனது. லைனிங் துணி. கட்டுக் கட்டாக, தும்பைப்பூ வெள்ளையில்.

"அண்ணே, அதத் தொடாதீங்க."

"தொடல தங்கச்சி. பாக்குறேன்."

மூன்று நாள் நான் வேறு தையலே தைக்கவில்லை. இருந்த லைனிங் துணியோடு தெருவில் கேட்டு வாங்கின வேட்டிகளையும் சேர்த்து, மேடைக்கு மேலே கட்ட ஒரு பெரிய துணியும், பின்னால் தொங்கவிட ஒரு துணியும் தைத்தேன். ஓரம் வெட்டினதில் முக்கோணம் முக்கோணமாகத் துண்டுகள் நிறைய மிஞ்சின. துணியை வீசுவதென்றால் எனக்கு உயிர் போகும். "வீச வேணாம்ணே. கயித்துல தச்சுத் தாறேன், ஹோட்டல் வாசல்ல வரிசையா கட்டிருங்க. வெளிய குறூப் போட்டோ எடுத்தா மூஞ்சிக்கு வெளிச்சம் குடுக்கும்" என்று யோசனை சொன்னது நான்தான். அவருக்கு ஒரே பெருமை. "நீ தையக்காரி இல்ல தங்கச்சி, நீ போட்டோக்காரி" என்றார். டெகரேஷன் கொஞ்சம் செய்யப்போகிறோம் என்று ஷாமினி மிஸ்ஸிடம் போனில் சொன்னோம். "செய்ங்க செய்ங்க" என்று மற்றப் போனுக்குப் போய்விட்டாள்.

முதல் நாள் பின்னேரமே போய்க் கட்டினோம். மேலே வெள்ளை, பின்னால் வெள்ளை, வாசலிலிருந்து கேட் வரைக்கும் காற்றில் ஆடுகிற குட்டிக் குட்டி வெள்ளைகள். பார்க்க மனசுக்கு நிறைவாக இருந்தது.

விழா அன்று நான் கழுத்தில் உதவியாளர் அட்டையோடு மேடையில் ஒரு ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தேன். வெளியே பஸ் வந்து நிற்கிற சத்தம். உள்ளே ஓடிக்கொண்டிருந்த பைலா பாட்டு சட்டென்று நின்றது.  பிறகு ஒரு பெண் குரல் பெரிதாக எழுந்தது. ஒப்பாரி!

ஊசியும் கையுமாக ஓடினேன். பட்டுச் சாரி கட்டி வந்த தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் தலையிலிருந்த பூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஹோட்டல் படியில் உட்கார்ந்து ஒருத்தி மாரில் அடித்துக்கொள்கிறாள். லுணுகலைப் பக்கத்துக் காளியம்மா அக்கா. கொழுந்தெடுப்பதில் அந்தத் தோட்டத்தில் அவள்தான் முதல், ஒப்பாரி வைப்பதிலும் அவள்தான் முதல்.

அந்த வெள்ளை முக்கோணங்களைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த நாட்டில் தெருவோரம் வெள்ளைக் கொடி வரிசையாகக் கட்டியிருந்தால் என்ன அர்த்தம் என்று பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாதா? தெரியும். வெளிச்சம் வெளிச்சம் என்று அலைந்ததில் புத்தி கெட்டுப் போய்விட்டது. கொடியைக் கட்டினது போதாதென்று உள்ளே வெள்ளை வேறு கட்டி, சாவு வீட்டை முழுசாக முடித்து வைத்திருந்தோம்.

பஸ்ஸிலிருந்து இறங்கினவர்களுக்குள், பெரிய துரைக்கு, அதாவது சேர்மனுக்கு, நெஞ்சு வலி என்று போன மாதம் யாரோ சொன்னதாக ஒரு பேச்சு. அது போதாதா காளியம்மா அக்காவுக்கு?

"மலையேறி வந்த ராசா... மவராசா... வஞ்சாலும் எங்கள வெரட்டாத தொர ராசா..."

அவள் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருக்கும்போதே கேட்டுக்குள் ஒரு பெரிய கார் நுழைந்தது. இறங்கினது சேர்மன். இளம் வயதில் தோட்டங்களில் சின்னத் துரையாக இருந்து தமிழ் படித்தவர். கொடிகளைப் பார்த்தார். பூவைக் கழற்றின பெண்களைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, கையைக் கட்டி, தலையைக் குனிந்து நின்றுவிட்டார். சேர்மன் குனிந்தால் மற்றத் துரைமார் சும்மா நிற்பார்களா? வரிசையாக எல்லாரும் குனிந்தார்கள். ஹோட்டல் வெயிட்டர்மார் தட்டை வைத்துவிட்டுக் குனிந்தார்கள். நானும் குனிந்தேன், ஏனென்று எனக்கே தெரியாது. தனக்கு வைக்கிற ஒப்பாரியைச் சேர்மன் கடைசிவரைக்கும் மரியாதையாக நின்று கேட்டார். முடிந்ததும் பக்கத்தில் நின்ற வெயிலண்ணனிடம் மெதுவாகக் கேட்டார்:

"யாரு செத்தது?"

"யாரும் சாகலீங்க சேர்."

"அப்ப இது என்னா?"

வெயிலண்ணன் கொடியைக் கையால் காட்டினார். "இது வெயிலுங்க சேர்."

காளியம்மா அக்கா கண்ணைத் திறந்தாள். எதிரே செத்துப்போன துரை நிற்கிறார். "ஆத்தாடி!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஷாமினி மிஸ் இரண்டு போனையும் கட் பண்ணிவிட்டு ஓடிவந்தாள். 

"என்ன அண்ணே செஞ்சு வச்சிருக்கீங்க! கழட்டுங்க எல்லாத்தையும்! உள்ள உள்ளதையும் கழட்டுங்க, இப்பவே!"

அவள் முன்னால் நடக்க, சேர்மன் பின்னால் நடக்க, எல்லாரும் உள்ளே வந்துவிட்டோம். ஹோட்டல் ஆட்கள் ஏணியைக் கொண்டுவந்து மேடையில் சாத்தினார்கள். வெயிலண்ணன் போய் ஏணிக்கு முன்னால் நின்றுகொண்டார். 

"மிஸ், வாசல்ல கட்டுனது எங்க தப்பு. அத நானே கழட்டுறேன். இத மட்டும் கழட்டாதீங்க. இது இல்லன்னா இந்தக் கொகைக்குள்ள படம் வராது. வருசம் பூரா வெயில்ல நின்னு கொழுந்தெடுத்தவங்க மிஸ் இவங்க. மேடையில ஏறுற ஒரே நாளும் மூஞ்சி இருட்டுல விழணுமா? கழட்டத்தான் வேணும்னா வேற ஆளப் பாத்துக்குங்க. நா ஏனோதானோன்னு எடுத்துக் குடுக்க மாட்டேன்."

 ஏணி மேலே போனால் அவர் கொழும்புக்குப் போவார். அது அந்த ஹோலில் எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

கூட்டத்திலிருந்து காளியம்மா அக்கா மேடைக்கு ஏறி வந்தாள்.

"ஏங்க, அந்தத் துணி இல்லாட்டி எங்க போட்டோ கறுப்பாவா விழும்?"

"ஆமாக்கா."

அவள் நேராகச் சேர்மனிடம் திரும்பினாள். "தொர, கோவிச்சுக்காதீங்க. நா ஒங்களுக்குத்தான் அழுதேன். உசிரோட இருக்கறவங்க செத்துட்டாங்கன்னு சேதி பரவுனாலே ஆயுசு கெட்டிம்பாங்க. நா முழு ஒப்பாரியே வச்சுட்டேன். ஒங்க ஆயுசுக்கு இனி ஒரு கொறையும் வராது. அந்த வெள்ளையக் கழட்டாதீங்க தொர. பாதியில கழட்டுனா ஆயுசும் பாதியில நின்னுரும், அப்பறம் நா பொறுப்பில்ல."

சேர்மன் அவளைப் பார்த்தார். மேலே துணியைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ குலுங்கிக்கொண்டு வந்தது. வாய்விட்டுச் சிரித்தார் மனிதர். காளியம்மா அக்காவும் சிரித்துவிட்டாள்.

பளிச்.

ஏணியடியில் நின்றவர் எப்போது கெமராவைத் தூக்கினார் என்று நான் பார்க்கவில்லை. வெயிலண்ணன் கூரைக்குள் வேண்டுமென்றே எடுத்த முதல் உருப்படியான படம் அதுதான்.

"ஏணிய எடு. வேல நடக்கட்டும்" என்றார் சேர்மன்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டுமே! ஒவ்வொரு பெண் மேடைக்கு ஏறும்போதும் சேர்மனுக்கு ஒப்பாரி ஞாபகம் வந்துவிடும், சிரிப்பார். அவர் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரிப்பாள். வெயிலண்ணன் அங்கே ஓடி, இங்கே குனிந்து, ஒருவரையும் நில்லு என்று சொல்லாமல், ஒருவரையும் வெளியே இழுக்காமல் அடித்துத் தள்ளினார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, ஏசி என்ன செய்யும்? ஷாமினி மிஸ் அவர் தோளுக்குப் பின்னால் நின்று கெமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "அண்ணே, அடுத்த மாசம் பண்டாரவளையில ஒரு பங்ஷன் இருக்கு. வெள்ளை மட்டும் உள்ளுக்குள்ளயே இருக்கட்டும்" என்றாள்.

நாங்கள் திரும்பி வரும்போது மதினி ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தாள். அவர் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சேர்மனும் காளியம்மா அக்காவும் சிரிக்கிற படத்துக்கு வந்ததும், விஷயம் என்னவென்று தெரியாமலே அவளும் சிரித்துவிட்டாள். பிறகு போனை எடுத்தாள்.

"அண்ணே, அவரு வரமாட்டாரு. வேற ஆளப் பாத்துக்குங்க... இல்லண்ணே, இங்கயே வேல இருக்கு... இல்ல, வெளிய இல்ல. ஹோலுக்குள்ளதான்!"

அந்தக் கடைசிச் சொல்லை அவள் சொன்ன தோரணையைக் கேட்டு வெயிலண்ணன் கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் வெகுநேரம் எழும்பவே இல்லை.

கொழும்புப் பேச்சு நடந்த அந்த நாட்களில் கடை சாத்திவிட்டுப் போகும்போது நான் கோயில் வாசல் மாதா கெபியில் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டுத்தான் போவேன். யாவாரம் நன்றாக நடக்க நேர்த்தி வைத்திருப்பதாகத் தெருவில் எல்லாருக்கும் சொல்லியிருந்தேன். என் யாவாரத்துக்கு என்ன குறை? அந்த மனிதர் எங்கள் தெருவை விட்டுப் போய்விடக் கூடாது தாயே என்றுதான் ஒவ்வொரு நாளும் கேட்டேன்.